பிச்சைக்கல்

மார்ஸ்பிக்காரர்களையும் மனிதர்களாக மதிக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வைத்துக் கேட்டால், மதிக்கலாம் என்று ஆப்ரி டாப்செல் சொல்வார். மற்ற ஆறு நாளும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது நல்லது.

மார்ஸ்பி கடல் தாண்டிய ஊர் ஒன்றும் இல்லை. வென்லோவுக்கும் அதற்கும் நடுவே ஒரு மண்கரை கிடக்கிறது, அவ்வளவுதான். மூன்று ஆள் உயரம், அரை மைல் நீளம், உச்சியில் நாலு பேர் சேர்ந்து நடக்கிற அகலம். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ யாருக்கோ பயந்து வெட்டிக் குவித்த சுண்ணாம்பு மண். இன்றைக்கு அதன் மேல் ஆடு மேய்கிறது. ஏறி நின்றால் இந்தப் பக்கம் வென்லோ சர்ச் கோபுரம், அந்தப் பக்கம் மார்ஸ்பி சர்ச் கோபுரம். இரண்டுக்கும் ஒரே பாதிரியார். ஒன்பது மணிக்கு இங்கே சொன்ன பிரசங்கத்தையே பதினோரு மணிக்கு அங்கே போய்ச் சொல்கிறார். இரண்டு ஊரிலும் ஒரே மழை, ஒரே சளி, ஒரே உருளைக்கிழங்கு. ஆனாலும் மார்ஸ்பி என்ற பேரைக் கேட்டால் வென்லோவில் பிறந்தவனுக்கு மூக்கு தானாகச் சுருங்கும்.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். கரையைக் கட்டியவர்கள் நாங்கள். மார்ஸ்பிக் கூட்டம் திருட வந்தது, எங்கள் முன்னோர் மண்ணைக் குவித்து வெளியே நிறுத்தினார்கள். உள்ளே இருந்தவர்கள் நாங்கள், வெளியே நின்றவர்கள் அவர்கள். தபால்காரர் தொடங்கி மதுக்கடையில் குவளை கழுவுகிற பெண் வரை இதே பாட்டு. வென்லோவில் பெருமைப்பட வேறு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய மனிதன் அங்கே பிறந்ததில்லை. ராஜா ஒருவன் போகிற வழியில் தங்கியதுகூட இல்லை. கரை ஒன்றுதான் சொத்து. அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் தொங்கிய தொங்கலைப் பார்த்தால் சிரிப்பை அடக்குவது கஷ்டம்.

அந்தப் பெருமைக்கு ஒரு சடங்கும் இருந்தது. ஜூலை முதல் ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வென்லோ மொத்தமும் கரை மேல் ஏறும். வீட்டுக்கு வீடு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த காய்ந்த ரொட்டித் துண்டுகள் கூடை கூடையாக வரும். எல்லோரும் தங்கள் ஊருக்கு முதுகைக் காட்டி, மார்ஸ்பியைப் பார்த்து வரிசையாக நிற்பார்கள். கரையின் அந்த விளிம்பில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தட்டைக்கல் இருக்கிறது. அதற்குப் பிச்சைக்கல் என்று பெயர். ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது, இல்லாவிட்டால் விருந்தாளி ஒருவர், அதன் மேல் ஏறி வென்லோக்காரர்களைப் பார்த்து நிற்க வேண்டும். அன்றைக்கு அவர்தான் மார்ஸ்பி. அவர் கையை நீட்டுவார். கரைக்காவலர் என்ற பட்டம் உள்ளவர் முதல் துண்டை அந்தக் கையில் வைத்து, "தின்னு, அங்கேயே கிட" என்பார். உடனே ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு ரொட்டியை மார்ஸ்பிப் பக்கம் வீசி எறியும். கடைசியில் கரைக்காவலர் மாட்டுக்கொம்பை எடுத்து ஒரு முறை ஊதுவார். அப்புறம் ஹாம், ஊறுகாய் வெங்காயம், பீர்.

ஐந்து தலைமுறையாகக் கரைக்காவலர் பட்டம் டாப்செல் குடும்பத்தில் இருந்தது. எழுபது வயது ஆப்ரிக்கு அது உடம்பில் இன்னொரு உறுப்பு. கொம்பைத் துடைக்க அவரிடம் தனித் துணி உண்டு. மனைவி மியூரியலைக்கூட அதைத் தொட விடமாட்டார். தொட ஆசைப்பட்டவளும் இல்லை அவள்.

ஆனால் ஆப்ரிக்கு ஒன்று தெரியும். வென்லோவில் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று.

எட்டு வயதில் நடந்தது அது. கரையின் அடிவாரத்தில், வென்லோப் பக்கம், டாப்செல்களின் பன்னிரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அன்று வயலுக்கும் கரைக்கும் நடுவே முட்புதர் மூடிய பெரிய பள்ளம் ஒன்று ஓடியது. செத்த ஆடு, உடைந்த ஏர், துருப்பிடித்த வாளி எல்லாம் அதில்தான் விழும். அதை யாரும் அகழி என்று சொன்னதில்லை. ஒரு நாள் அப்பா மண் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கொண்டு வந்தார். தொப்பி போட்ட ஒரு ஆள் நாலு நாள் ஓட்டினான். எந்த ஊர் ஆள் என்று அப்பா சொல்லவில்லை. புதரைப் பிடுங்கியபோதுதான் பள்ளத்தின் முழு உருவமும் தெரிந்தது. கயிறு பிடித்தது மாதிரி நேராக, கரையோடு ஒட்டிக் கடைசி வரை ஓடியது. அப்பா அதன் விளிம்பில் வெகு நேரம் நின்றார். பிறகு மகனின் காதைப் பிடித்துத் திருகி, "நீ இதைப் பாக்கல. யார்கிட்டயாவது வாயத் தொறந்தா தோல உரிச்சிருவேன்" என்றார்.

ஏன் என்று ஆப்ரிக்கு அப்போது புரியவில்லை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு படத்தைப் பார்த்தபோது புரிந்தது. கரை கட்டுகிறவன் அகழியைத் தன் பக்கம் வெட்டமாட்டான், எதிரி வரும் பக்கம்தான் வெட்டுவான். எதிரி பள்ளத்தில் இறங்கி, மூச்சு வாங்கிச் சரிவில் ஏற வேண்டும். அகழி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எதிரி. அகழி வென்லோப் பக்கம். கணக்கு அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தை மூடிய பிறகு ஆப்ரி அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதில் வென்லோக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஒரே ஒரு முறை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷத்துக் கொடிய கோடையில், வயலில் பார்லி மஞ்சளாகக் காய்ந்து கிடக்க, நிரப்பிய பள்ளத்தின் மேல் மட்டும் பச்சையாக ஒரு பட்டை எழுந்தது. ஆழமான மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அப்பா ஒரே ராத்திரியில் பயிர் மொத்தத்தையும் அறுத்து மாட்டுக்குப் போட்டார். நோய் விழுந்துவிட்டது என்று ஊரிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வயலில் டர்னிப் கிழங்கைத் தவிர வேறு எதுவும் விதைத்ததில்லை.

ஆப்ரிக்கு எழுபது வயதான வருஷம், பிப்ரவரிப் புயலில் கரை மேல் நின்ற கிழட்டு ஆஷ் மரம் வேரோடு சாய்ந்தது. அதைப் பார்க்க நெரிஸ் ப்ராபெர்ட் என்ற தொல்லியல் பெண் வந்தாள். வேல்ஸ்காரி, நாற்பது வயது, சேறு பிடித்த பூட்ஸ். அவளுக்குக் கரை பிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, இங்கே ஒரு தகவல் பலகை வைக்கப் போகிறோம் என்றாள். ஆப்ரிக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு அழைத்து டீ கொடுத்தார். சாதாரணமாக வெளியூர்க்காரர்களுக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூடக் கிடைக்காது.

"பலகையில தெளிவா எழுதுங்க டாக்டர்" என்றார். "வென்லோ ஜனங்க கட்டினது, மார்ஸ்பிக்காரங்களத் தடுக்க. கீழ என் பேரு. கரைக்காவலர் ஆப்ரி டாப்செல்."

"உங்க பேரைப் போட்டுரலாம். ஆனா யாரு யாரைத் தடுத்தாங்கன்னு நான் அகழியப் பாத்துதான் சொல்ல முடியும்."

"அகழிதானே? மார்ஸ்பிப் பக்கம் இருக்கே, ஹாதார்ன் முட்புதருக்குள்ள. ஊருக்கே தெரியும்."

"அது நூறடியில முடிஞ்சு போகுது மிஸ்டர் டாப்செல். மேடும் பள்ளமுமா இருக்கு. சுண்ணாம்புக்காக யாரோ தோண்டின குழி மாதிரி தெரியுது. உங்க வயல்ல ஒரு சின்னக் குழி போட்டுப் பாக்கலாமா?"

ஆப்ரி கோப்பையைக் கீழே வைத்தார். "என் வயல்ல என்ன இருக்கு? டர்னிப்தான் இருக்கு. ஆயிரத்து நானூறு வருஷமா எங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

நெரிஸ் சிரித்தாள். "எங்க ஊர்லயும் ஒரு கரை இருக்கு. எங்களத்தான் வெளிய நிறுத்தக் கட்டினது. நாங்க அதப் பாத்துக்கிட்டே சாண்ட்விச் சாப்பிடுவோம். அதுல என்ன இருக்கு?"

"வேல்ஸ்காரங்க பழகிட்டீங்க" என்றார் ஆப்ரி.

மியூரியல் டீக்கெட்டிலை மேஜை மேல் டொக்கென்று வைத்தாள். நெரிஸ் போன பிறகு, "ஒரு விருந்தாளியப் பாத்து இப்படியா பேசுறது? வெக்கமா இல்ல உனக்கு?" என்று கேட்டாள். ஆப்ரிக்கு வெட்கமாக இல்லை. பயமாக இருந்தது. பலகையில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது. இந்தக் கரையைக் கட்டியவர்கள் எந்தப் பக்கத்தவர் என்ற வரி. ஜூலைச் சடங்குக்கு நெரிஸ் விருந்தாளியாக வருவாள், இன்னொரு முறை சுற்றிப் பார்ப்பாள், அன்றைக்கு அந்த வரியை முடிவு செய்வாள். வயலைத் தோண்ட விடாமல் தடுத்துவிட்டால் போதும், வேறு ஆதாரம் இல்லாமல் ஊர் சொல்வதைத்தான் எழுதியாக வேண்டும். அவர் டர்னிப்பை விதைத்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியும் இருக்கும்.

சும்மா இருக்க ஹெட்டி கிளாவரிங் விடவில்லை. மார்ஸ்பிக்காரி. கரைக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்க்கிறாள், பார்லி போடுகிறாள். ஆப்ரியைவிட ஒரு வயது மூத்தவள், விதவை, குரல் மட்டும் இருபது வயதில் நின்றுவிட்டது. முந்தின வருஷம் ஆகஸ்ட் விவசாயக் கண்காட்சியில் அவள் பார்லிக்கு முதல் பரிசுச் சிவப்பு ரிப்பன் கிடைத்திருந்தது. மார்ச் மாதச் சந்தையில், விதைக் கடை முன்னால், பத்துப் பேர் நடுவில் ஆப்ரியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆப்ரி, இந்த வருசமும் கிழங்குதானா?"

"என் வயல், என் இஷ்டம்."

"இல்ல, தப்பா நெனைக்காத. எல்லாராலயும் பார்லி போட முடியுமா? மண்ணு வேணும், கை வேணும். கிழங்கு பாவம், தன்னால வளந்துக்கும். வென்லோவுக்கு அதுதான் சரி."

கடைக்காரன் சிரித்தான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆப்ரியின் கழுத்து சிவந்தது. ஒரு மார்ஸ்பிப் பன்றிக்காரி, ரொட்டித் துண்டு பொறுக்குகிற சாதி, டாப்செல்லுக்கு விவசாயம் சொல்லித் தருகிறாள்.

"பன்னி மேய்க்கிறவளே ரிப்பன் வாங்கும்போது, டாப்செல் போட்டா என்ன வாங்குவான்னு பாரு! ஆகஸ்ட்ல பாப்போம்" என்றார். பார்லி விதை நாலு மூட்டை வாங்கி, எல்லோரும் பார்க்க வண்டியில் ஏற்றினார். மியூரியல் அன்றைக்கே கேட்டாள்: "அந்த வயல்லயா? உங்கப்பா அங்க பார்லி வேண்டாம்னு சொன்னாருல்ல?" ஆப்ரி மூட்டைகளைக் கொட்டகையில் இறக்கினார். மழை இருந்தால் ஒன்றும் தெரியாது. இங்கிலாந்தில் மழைக்கா பஞ்சம்?

ஏப்ரலில் மழை இல்லை. மேயில் இரண்டு தூறல். ஜூனில் வானம் கண் கூசும் நீலமாக, மேகம் என்ற பேச்சே இல்லாமல் கிடந்தது. ஊரார் தொட்டியில் தண்ணீர் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றினார்கள். ஆப்ரி வயலைப் பார்க்கவே பயந்து, பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஜூன் கடைசியில் கரை மேல் ஏறிக் கீழே பார்த்தார். வயல் முழுக்கப் பார்லி வைக்கோல் நிறத்தில் குட்டையாக நிற்கிறது. கரையோரமாக மட்டும் முப்பதடி அகலத்தில், இடுப்பு உயரத்துக்கு, கரும்பச்சையாக ஒரு பட்டை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒரு வளைவு இல்லாமல். எழுதப் படிக்கத் தெரியாதவனும் அதைப் படித்துவிடுவான்.

அறுத்துப் போடு என்று அப்பாவின் குரல் காதில் கேட்டது. அறுக்கும் இயந்திரத்தைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தும்விட்டார். அப்போது ஹெட்டியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. முற்றாத பார்லியை அறுத்தால் அவள் என்ன சொல்வாள்? டாப்செல்லுக்கு வரவில்லை, பாதியில் விட்டுவிட்டான் என்று சந்தையில் தண்டோரா போடுவாள். ஒரு மார்ஸ்பிக்காரி வாயில் விழுவதா? இயந்திரத்தைத் திரும்ப உள்ளே தள்ளினார். அப்படிப்பட்ட மனிதர்.

வேறு ஒரு தைரியமும் அவருக்கு இருந்தது, அது நியாயமான தைரியமும்கூட. சடங்கு நாளில் வென்லோக்காரன் எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். கரை மேல் ஏறினால் கண் மார்ஸ்பி மேல்தான் இருக்கும். எத்தனையோ தலைமுறையாக மார்ஸ்பியை இளக்காரமாகப் பார்த்துப் பார்த்துக் கழுத்து அந்தப் பக்கமே இறுகிப்போன ஊர் அது. தன் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அங்கே கிடையாது. நெரிஸை மட்டும் சர்ச் வழியாகச் சுற்றி அழைத்துப் போய், வரிசையில் தன் பக்கத்தில் நிறுத்தி, மார்ஸ்பியைக் காட்டிக்கொண்டே இருந்தால் போதும். பிச்சைக்கல்லில் ஏற்றுவதற்கு, மே மாதம் ஊரில் வீடு வாங்கிய பல் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்தார். பல் டாக்டர் அரை ஆள் உயரம். கல் மேல் ஏறினாலும் முன்வரிசைத் தொப்பிகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

ஞாயிறு வந்தது. வெயில் கொளுத்தியது. நூற்று இருபது பேர் கூடையோடு ஏறினார்கள். ஆப்ரி கழுத்தில் கொம்பு, கோட்டில் வெள்ளிப் பொத்தான். நெரிஸை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் பக்கவாட்டில் தலையைத் திருப்பும் போதெல்லாம், "அதோ பாருங்க மார்ஸ்பி, அந்தக் கோபுரத்தப் பாருங்க, கோணலா இல்ல?" என்றார். கோபுரம் நேராகத்தான் இருந்தது.

வரிசை நின்றது. பல் டாக்டர் கல்லை நோக்கி இரண்டு அடி வைத்தார். அப்போது லயனல் பாதிரியார் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம் ஆப்ரி. விருந்தாளி வந்திருக்கும்போது ஊர்க்காரரை ஏத்துறது முறையா? டாக்டர் ப்ராபெர்ட்தானே இன்னிக்கு மார்ஸ்பி?"

"அவங்க படிச்சவங்க, பாதிரியாரே. அவங்களப் போய்ப் பிச்சைக்காரியா நிக்க வைக்கிறதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஆசையாத்தான் இருக்கு" என்றாள் நெரிஸ்.

"வேண்டாம், கல்லு வழுக்கும்."

"மூணு மாசமா மழையே இல்ல, எப்படி வழுக்கும்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. "வேல்ஸ்காரி ஏறட்டும்! பொருத்தமா இருக்கும்!" என்று இன்னொரு குரல். மரபு, மரபு என்று நாலைந்து பேர் கத்தினார்கள். மரபு என்ற வார்த்தையை எதிர்த்து ஆப்ரி எதைச் சொல்வார்? வாழ்நாள் முழுக்க அவர் மற்றவர்கள் வாயை அடைத்தது அதை வைத்துத்தானே.

நெரிஸ் கல் மேல் ஏறினாள். நெட்டையானவள். வென்லோவைப் பார்த்து நின்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஆப்ரி ஒரு காய்ந்த துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"தின்னு" என்றார். "அங்கேயே..."

நெரிஸ் ரொட்டியைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலாக, நூற்று இருபது தொப்பிகளுக்கு மேலாக, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு போய்விட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மிஸ்டர் டாப்செல்" என்றாள். "அந்த வயல் உங்களுதா?"

"சடங்கு முடியட்டும் டாக்டர்."

"அந்தப் பச்சை என்ன?"

"தண்ணிக் குழாய் போட்டிருக்கு. கசியும்."

"முப்பதடி அகலத்துல குழாயா?"

அப்போதுதான் அது நடந்தது. முதலில் பாதிரியார் திரும்பினார். பிறகு பல் டாக்டர், பிறகு தபால்காரர். கொஞ்ச நேரத்தில் வென்லோ மொத்தமும், கையில் ரொட்டித் துண்டோடு, மார்ஸ்பிக்கு முதுகைக் காட்டித் தன் வயலைப் பார்த்து நின்றது. அகழி எந்தப் பக்கம் இருந்தால் யார் எதிரி என்பதைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்த ஊர் அது. விளக்க யாரும் தேவைப்படவில்லை. பச்சைப் பட்டை அவர்கள் காலடியில் நேராக ஓடியது.

"நாமளா?" என்றாள் மதுக்கடைப் பெண் மெதுவாக. "வெளிய நின்னது நாமளா?"

"இருக்கவே இருக்காது!" ஆப்ரி கத்தினார். குரல் கீச்சென்று வந்தது. "அது குப்பைப் பள்ளம். எங்கப்பா ரொப்பினது. செத்த ஆடு போடுற பள்ளம்!"

"ரொப்பினாரா?" என்றாள் நெரிஸ். அவள் குரலில் ஏளனம் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "எப்ப? நீங்க பாத்தீங்களா?"

பொய் சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. மார்ஸ்பிப் பக்கச் சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு தலை மேலே வந்தது. ஹெட்டி கிளாவரிங், இரண்டு கையிலும் இரண்டு தகர வாளி.

"என்னய்யா, இந்த வருசம் ரொட்டி கிடையாதா?" என்றாள். "கீழ எவ்வளவு நேரம் நிக்கிறது? கொம்பு சத்தமே காணோம்."

ஆப்ரி அவளை வெறித்தார். "கொம்பு சத்தமா?"

"ஆமா. நீ ஊதினாத்தானே எனக்குத் தெரியும், ரொட்டி போட்டாச்சுன்னு. வருசா வருசம் பன்னிக்குப் பொறுக்கிட்டுப் போறேனே. எங்கம்மா காலத்துலருந்து நடக்குது. நல்ல ஜனங்க, மறக்காம கொண்டாந்து போடுறாங்கன்னு சொல்லும்." அப்போதுதான் எல்லோரும் தப்பான பக்கம் திரும்பி நிற்பதைக் கவனித்தாள். அவர்கள் பார்த்த இடத்தைத் தானும் எட்டிப் பார்த்தாள். "அடடே. வெளிய வந்துருச்சா? எங்கப்பா அப்பவே சொன்னாரு, மண்ணு போட்டு மூடினா மட்டும் போதாதுன்னு."

"உங்கப்பாவா?" என்றார் பாதிரியார்.

"அவருதானே மிஷின் ஓட்டி ரொப்பினது. நாலு நாள் வேலை. வென்லோ ஆளக் கூப்பிட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும்னு ஆப்ரியோட அப்பா ராத்திரி வந்து எங்க வீட்டுக் கதவத் தட்டினாரு. மார்ஸ்பிக்காரன் சொன்னா வென்லோவுல எவன் நம்புவான்? நல்ல யோசனைதான்."

தொப்பி போட்ட ஆள். அறுபத்திரண்டு வருஷமாக அவர் காத்து வந்த ரகசியத்தை, எந்த ஊரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அந்த ஊரே பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

"அப்ப மார்ஸ்பியில எல்லாருக்கும் தெரியுமா?" தபால்காரர் கேட்டார்.

"பூராப் பேருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை வருசம் சொல்லல? நாங்க இங்க நின்னு உங்களப் பாத்து..."

"எதுக்குச் சொல்லணும்?" ஹெட்டிக்கு நிஜமாகவே ஆச்சரியம். "வருசத்துல ஒரு நாள் சந்தோசமா ஏறி நின்னு கத்துறீங்க. வேற என்ன இருக்கு உங்களுக்கு? அதப் போய்க் கெடுப்பாங்களா? பாவம், இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வென்லோ பதிலுக்குக் கத்தியிருக்கும். சிரித்துச் சொல்லியிருந்தால் ரொட்டியை அவள் தலையில் எறிந்திருக்கும். அவள் உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசினாள். அதற்குத் திருப்பிச் சொல்ல அந்த ஊரில் வார்த்தை இல்லை. ஆயிரத்து நானூறு வருஷத்தில் அவர்களைப் பார்த்து யாரும் பரிதாபப்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பைத்தியக்காரர்கள்.

மியூரியல்தான் முதலில் அசைந்தாள். தன் கூடையை எடுத்துக்கொண்டு ஹெட்டியிடம் போய் வாளிக்குள் கவிழ்த்தாள். "குனிஞ்சு பொறுக்க வேண்டாம்" என்றாள். பின்னால் பாதிரியார் போனார், மதுக்கடைப் பெண் போனாள். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போய், சத்தமில்லாமல் வாளியில் ரொட்டியைப் போட்டார்கள். ஹெட்டி ஒவ்வொருவருக்கும் மரியாதையாக நன்றி சொன்னாள்.

நெரிஸ் கல்லிலிருந்து இறங்கி, பையிலிருந்து பலகைக்கான தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள். "அந்த வரியில நான் எழுத வேண்டியத எழுதிருவேன் மிஸ்டர் டாப்செல். கீழ உங்க பேரு இருக்கட்டுமா, எடுத்துரட்டுமா?"

ஆப்ரி வாயைத் திறந்தார். அறுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகும் காது எரிந்தது. "எடுத்துருங்க" என்றார்.

அவள் அடித்துவிட்டு, கையிலேயே வைத்திருந்த அந்த முதல் ரொட்டித் துண்டை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். கொம்பு கழுத்தில் தொங்கியது. ஊதுவதென்றால் எந்தப் பக்கம் திரும்பி ஊதுவது என்று தெரியவில்லை.

ஹெட்டி நிரம்பிய வாளிகளோடு அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள்.

"அதையும் இதுல போடுறியா ஆப்ரி, இல்ல நீ தின்னுக்கிறியா?"

அவர் போடவில்லை. தின்னவும் இல்லை. ஹெட்டி வாளிகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கரைக்கு உள்ளே, தன் ஊர்ப் பக்கம்.